சபை ஜெபத்துக்குப் புதிதா? இப்படித் தொடங்குங்கள்

வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த புதிது. பக்கத்துத் தெருவில் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என்று கூப்பிட்டார்கள், போனேன். இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம், கொஞ்சம் விளக்கம். எல்லாம் முடிந்தது, இனி டீதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், கூட்டத்தை நடத்தியவர் என் பக்கம் கை காட்டி, “தம்பி முடிவு ஜெபம் பண்ணுவாங்க” என்றார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வேறு வழி தெரியாமல் “பரமண்டலங்களிலிருக்கிற” என்று ஆரம்பித்தேன். “எங்கள் பிதாவே” என்று இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். தப்பித்தேன்.

டீ கொடுக்கும்போது, பணி ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் மட்டும் மெல்லச் சிரித்து, “பரவாயில்ல தம்பி, ஒண்ணும் வரலன்னா அதைத்தான் சொல்லணும்” என்றார்.

அதற்கப்புறம் பல வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நானே சில கூட்டங்களை நடத்துகிறேன். புதிதாக வருபவர்களின் முகத்தில் அதே திகிலைப் பார்க்கிறேன். திருமணமாகி வந்தவர்கள், ஊர் மாறி வந்தவர்கள், இத்தனை நாளும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துவிட்டு இப்போது ஒழுங்காக வர நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மற்ற சபைகளில் என்ன மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் மாதம்: ‘ஆமென்’ மட்டும் போதும்

சபைக்குள் ஜெபம் என்றால் யாரோ ஒருவர் நன்றாகப் பேசுவதும் மற்றவர்கள் கேட்பதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒருவர் வாய் திறக்கிறார், ஆனால் ஜெபிக்கிறது முழு சபையும். அந்தச் சேர்மானத்துக்கு அடையாளம்தான் ‘ஆமென்’. ‘அப்படியே ஆகக்கடவது’ என்று அர்த்தம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, புரியாத பாஷையில் ஜெபித்தால் பக்கத்தில் இருப்பவன் எப்படி ஆமென் சொல்லுவான் என்று கேட்கிறார். அதாவது ஆமென் சொல்கிறவனும் அந்த ஜெபத்தில் பங்காளி. ஆகவே முதல் மாதம் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: கவனித்துக் கேளுங்கள், ஆமென்னை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

ஞாயிறு ஆராதனையில் முன்கூட்டியே அச்சிட்ட ஜெபங்கள்தான் அதிகம். பத்து நிமிஷம் முன்னால் போய், பாட்டுப் புத்தகத்தோடு ஆராதனைமுறைப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. உருவானது 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதோடு பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, எல்லாம் ஒன்றாயின. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்த சமையலறை மாதிரி ஆயிற்று ஆராதனை. 1950-இல் வந்த நற்கருணை ஆராதனை முறையில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சமாதானம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அது கேரளத்துச் சுரியானி சபைகளிடமிருந்து வந்தது. பக்கத்தில் இருப்பவர் திடீரென்று இரண்டு கையையும் நீட்டினால் பயந்துவிடாதீர்கள், நீங்களும் நீட்டுங்கள்.

எப்போது நிற்பது, எப்போது முழங்கால்படியிடுவது என்று புத்தகத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். முழங்கால் வலி என்றால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சில கிராமத்து ஆலயங்களில் செருப்பை வெளியே விடவேண்டும். பெண்கள் ஜெப நேரத்தில் முக்காடு போடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் ஊர்களும் உண்டு. வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் புரிந்துவிடும். இன்னொன்று: பாஸ்டர், குருவானவர், ஐயர், மூன்றும் ஒருவரைத்தான். “ஐயரம்மா வந்தாங்களா” என்றால் போதகரின் மனைவி.

ஆராதனைக்குள் ஜெபங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாவ அறிக்கை. எல்லாரும் சேர்ந்து சொல்வது. அதற்குப் பின் போதகர் பாவமன்னிப்பை அறிவிப்பார். அப்புறம் அந்த ஞாயிறுக்கென்று உள்ள சுருக்க ஜெபம். வேதபாடம், பிரசங்கம் எல்லாம் தாண்டி மன்றாட்டு. இதில்தான் சபை தன்னைவிட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது: நாட்டை ஆளுகிறவர்கள், மழை, விளைச்சல், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபியுங்கள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் இருப்பதால், நமக்குப் பிடிக்காத கட்சி ஆண்டாலும் ஜெபம் உண்டு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பின்னால் சபையார் சொல்லும் ஒரு வரி வரும். அதைக் குறித்துவைத்துக்கொண்டால் பாதி ஆராதனை உங்கள் கையில்.

பரமண்டல ஜெபத்தை மனப்பாடம் செய்யுங்கள்

இதற்கு மாற்று கிடையாது. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால்தான் “வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்” என்றும் இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதைக் கவனிக்கவேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பின் நடைதான்: பரமண்டலம், பிதா, நாமம். கத்தோலிக்கக் கோவிலில் ‘விண்ணுலகம்’, ‘தந்தை’ என்று வரும்; ஜெபம் என்பதே அங்கே ‘செபம்’. கத்தோலிக்கர்கள் தீமையிலிருந்து விடுவிக்கும்படி கேட்பதோடு நிறுத்திவிடுவார்கள். நாம் பழக்கதோஷத்தில் “ராஜ்யமும் வல்லமையும்” என்று தொடர்ந்தால் தனிக்குரலாகிவிடும். உறவினர் கல்யாணத்தில் எனக்கு அது நடந்திருக்கிறது. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இந்த ஜெபத்திலேயே சபை ஜெபத்தின் இலக்கணமும் இருக்கிறது. ‘என் பிதாவே’ என்று இல்லை, ‘எங்கள் பிதாவே’. ‘எனக்கு அப்பம்’ என்று இல்லை, ‘எங்களுக்கு’. இதில் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. புதிதாக ஜெபிக்கிற ஒருவர் பதற்றத்தில் “ஆண்டவரே, நம்முடைய பாவங்களை மன்னியும்” என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால் ஆண்டவரையும் பாவிகள் பட்டியலில் சேர்த்தாயிற்று! ‘எங்கள்’ என்றே சொல்லுங்கள். பெரியவர்கள் யாரும் திருத்தமாட்டார்கள், ஆனால் கண்ணை மூடிய முகங்களில் சின்னதாக ஒரு அசைவு தெரியும்.

இன்னொரு சந்தேகம் ‘நீர்’. கடவுளை ‘நீர், உம்முடைய, தாரும்’ என்றுதான் விளிக்கவேண்டுமா? புத்தக ஜெபங்களின் நடை அது. சென்னைப் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்கும். நெல்லைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. “என்ன வே, நீரு எப்ப வந்தீரு” என்று டீக்கடையில் கேட்கிற ஊர்தானே. இளைஞர்கள் “நீங்க கூட இருங்கப்பா” என்று ஜெபிப்பதையும் இப்போது சகஜமாகக் கேட்கலாம். எது வாயில் இயல்பாக வருகிறதோ அதில் ஜெபியுங்கள். ஒரே வாக்கியத்தில் ‘நீர்’ என்று ஆரம்பித்து ‘செய்யுங்க’ என்று முடித்தாலும் வானம் இடிந்து விழாது.

ஜெபக் குறிப்பு கொடுப்பது எப்படி

உங்களுக்காகச் சபை ஜெபிக்கவேண்டுமென்றால், ஆராதனைக்கு முன்பே ஒரு சீட்டில் எழுதி போதகரிடமோ சபை ஊழியரிடமோ கொடுங்கள். இரண்டு வரி போதும்: யாருக்காக, எதற்காக, பேரைச் சொல்லலாமா வேண்டாமா. கடைசியில் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வேண்டுதல் நிறைவேறியபின் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணத்தை எழுதிப் போடுவது வழக்கம். “பரீட்சையில் தேறியதற்காக”, “சுகப்பிரசவத்துக்காக” என்று அறிவிப்பில் வாசிப்பார்கள். தொகை எவ்வளவு என்பது பெரிய விஷயம் இல்லை. ஜெபித்தவர்களுக்கு ‘நல்லபடியாக முடிந்தது’ என்று தகவல் போய்ச் சேருவதுதான் இதில் முக்கியம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் இருந்த ஒரு குழுவில், ஒரு குடும்பத்தின் சிக்கலை ஒருவர் “ஜெபத்துல நினைச்சுக்கோங்க” என்ற முன்னுரையோடு எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மகளின் கல்யாணம் நின்றுபோனது, காரணம் இன்னது, யார் என்ன பேசினார்கள், எல்லாம். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் படிக்கிற கல்லூரி வரை செய்தி போய்விட்டது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு சபைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. அன்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதிலிருந்து நான் வைத்திருக்கும் பழக்கம்: அடுத்தவர் விஷயம் என்றால் அவரிடம் கேட்காமல் குழுவில் சொல்வதில்லை. அனுமதி இல்லையென்றால், “ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்” என்றாலே போதும். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

வாட்ஸ்அப் ஜெபக்குழுவுக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. மருத்துவ ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போடாதீர்கள்.

முதல்முறை வாய்விட்டு ஜெபிக்கும்போது

ஒருநாள் அந்தக் கை உங்கள் பக்கமும் நீளும். அன்றைக்குக் கைகொடுப்பது நான் மேலே சொன்ன சுருக்க ஜெபம்தான். பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலிருந்து வந்தது. பெயருக்கு ஏற்றபடி மூன்று நான்கு வரிதான் இருக்கும். ஆனால் அதன் கட்டுமானம் அருமை. முதலில் கடவுளைக் கூப்பிடுகிறது. அடுத்து அவர் எப்படிப்பட்டவர் அல்லது என்ன செய்தவர் என்று ஒரு வரி. பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். அது எதற்காக என்று ஒரு வரி. கடைசியில் இயேசு கிறிஸ்துவின் மூலமாக, ஆமென். சில வாரங்கள் கவனித்துக் கேட்டால் இந்த எலும்புக்கூடு காதில் பிடிபட்டுவிடும்.

இதை வைத்துக்கொண்டு வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு முடிவு ஜெபம் செய்து பார்ப்போம்:

“எங்கள் பரம தகப்பனே, எம்மாவூருக்குப் போன சீஷரோடு பந்தியிருந்த இயேசுவின் பிதாவே, இந்த வீட்டில் நாங்கள் கூடிவர உதவி செய்ததற்காக ஸ்தோத்திரம். காய்ச்சலாக இருக்கும் இந்த வீட்டுப் பிள்ளையைத் தொட்டுச் சுகம் தாரும். அவன் சீக்கிரம் பள்ளிக்கூடம் போகவும், இரவு கண்விழித்த தாய்க்கு இளைப்பாறுதல் கிடைக்கவும் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.”

அரை நிமிஷம்தான். யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொல்லப்போனால் சந்தோஷப்படுவார்கள், டீ ஆறுவதற்குள் முடிந்ததே என்று.

பழகியவர்களிடம் நான் பார்க்கும் கோளாறுகளும் சில உண்டு. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை “ஆண்டவரே, ஆண்டவரே” என்பது மூச்சு விடுவதற்கு ஒரு வழி, போகட்டும். ஆனால் கடவுளுக்குச் செய்தி வாசிப்பது ஒன்று இருக்கிறது: “ஆண்டவரே, கடந்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு...” இது அவருக்காகச் சொல்வது அல்ல, பக்கத்தில் இருப்பவருக்காக. இதைவிட மோசம், ஜெபத்துக்குள் பிரசங்கம் செய்வதும் குத்திக்காட்டுவதும். சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) ஆரம்ப ஜெபம் முடிந்ததும் கணக்குக்காகச் சண்டை போட்டுவிட்டு, முடிவு ஜெபத்தில் “கணக்கை ஒளிக்கிறவர்களின் இருதயத்தைத் திறந்தருளும்” என்று ஒருவர் ஜெபித்ததை நானே கேட்டிருக்கிறேன். அதற்கு எப்படி ஆமென் சொல்வது? பாதிப் பேர் சொன்னார்கள்.

பாவமன்னிப்பு கேட்க வரி கிடைக்கவில்லையென்றால் லூக்கா 18-இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” நாலே வார்த்தை.

பெந்தெகொஸ்தே சபைகளில் நிலைமை வேறு. அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள், அந்நிய பாஷையும் (ஆவியின் ஏவுதலால் வருவதாக அவர்கள் நம்பும், கேட்பவருக்குப் புரியாத பேச்சு) வரும். முதல்முறை போகிறவருக்கு மிரட்சியாக இருக்கலாம். மௌனமாக நின்றால் தப்பில்லை.

வீட்டுக் கூட்டம், நோயாளி வீடு, துக்க வீடு

வீட்டுக் கூட்டத்துக்குப் போகும்போது வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் கொண்டுபோங்கள். பாயில் உட்காருவதற்குத் தயாராகப் போங்கள். “உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டு” என்று கேட்பார்கள். ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கடைசியில் “கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினுடைய கிருபையும்” என்று ஒருவர் தொடங்கினால் எல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டும். அது முடிந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அடுத்து டீ, சுண்டல், ஊர்க்கதை. கூட்டத்தைவிட இந்த அரை மணி நேரத்தில்தான் யாருக்கு என்ன கஷ்டம் என்று தெரியவரும், உடனே கிளம்பிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போனால் இரண்டு நிமிஷம் போதும். முதலில் நோயாளியிடம் “ஜெபம் பண்ணலாமா” என்று கேளுங்கள். பொது வார்டு என்றால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்குகிறாரா, வேறு மதத்தவரா என்று பார்த்து, குரலை இறக்கிக்கொள்ளுங்கள். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பது பற்றி யாக்கோபு நிருபத்தில் இருக்கிறது. அதைப் போதகரிடம் விட்டுவிடுங்கள். “நாளைக்கே எழுந்து நடப்பீங்க” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “மருந்தை நிறுத்துங்க, விசுவாசம் போதும்” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். மருத்துவருக்காகவும் நர்ஸுக்காகவும் ஒரு வரி சேர்த்தால் நோயாளியோடு இருப்பவர்களுக்கு ஆறுதல்.

துக்க வீட்டில் பேசவே வேண்டாம். 23-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு, பரமண்டல ஜெபம் சொல்லிவிட்டு, உட்கார்ந்திருங்கள்.

வருஷம் முழுக்க

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் கூட்டங்கள் அதிகமாகும், பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிநேர தியானம் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். மார்ச் மாத முதல் வெள்ளி உலக ஜெப நாள். ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனையை உலகம் முழுக்கப் பெண்கள் நடத்துவார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு இடம் கிடைக்காது, சீக்கிரம் போங்கள். உபவாச ஜெபம் என்று அறிவித்தால், சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

ஜெபம் வாசலைத் தாண்டினால்

அப்போஸ்தலர் 12-இல் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். பேதுரு சிறையில். சபையார் ஒரு வீட்டில் கூடி ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். பேதுரு விடுதலையாகி வந்து அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்ன பதில், “நீ பிதற்றுகிறாய்.” பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். நம் கூட்டங்களிலும் இது நடக்கிறது. வேலையில்லாத பையனுக்காக ஆறு மாதம் ஜெபிப்போம். நம்மில் ஒருவர் கம்பெனியில் ஆள் எடுப்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வரும்.

திருநெல்வேலிச் சபையின் கதையிலும் ஜெபம் வாசலைத் தாண்டிய இடங்கள் உண்டு. 1903-இல் பாளையங்கோட்டையில் வி.எஸ். அசரியாவும் தோழர்களும் சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், இங்குள்ள சபையார் காணிக்கையும் ஜெபமுமாகத் தெலுங்குப் பகுதியில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியா 1912-இல் அங்கேயே பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். பின்னாளில் இளைஞர்களின் ஜெபக்குழுக்களிலிருந்து வளர்ந்த ‘ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட்’ என்ற மிஷனெரி அமைப்பு, பெயரிலேயே ஜெபத்தை வைத்திருக்கிறது.

நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அந்த டீச்சரம்மா வைத்திருந்தது அதுதான். இடது பக்கம் தேதி, பேர், விஷயம். வலது பக்கம் காலி. விசாரித்துத் தெரிந்துகொண்டதும் வலது பக்கம் எழுதுவார்: “வீட்டுக்கு வந்துவிட்டார்”, “வேலை கிடைத்தது, கோயம்புத்தூர்”, சிலவற்றுக்கு நேராக “மரித்தார், 14-ஆம் தேதி”. காலியாகக் கிடக்கும் வரிகளை வைத்துத்தான் அந்த வாரம் யாருக்குப் போன் பண்ணுவது, யார் வீட்டுக்கு நடந்து போவது என்று முடிவு செய்வார். என் பேரும் அதில் இருந்தது, பிறகொரு நாள் காட்டினார்: “புதுத் தம்பி. ஜெபிக்கப் பயம்.” வலது பக்கம் காலி.

அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்று ஞாயிறு அறிவிப்பில் வாசிப்பார்கள். குறித்துக்கொள்ளுங்கள். மாடி வீடு என்றால் செருப்பைக் கீழேயே விடச் சொல்வார்கள்.